உள்ளூர்ச் செய்திக்குப் பேப்பரின் மாவட்டப் பக்கமா, வாட்ஸ்அப் குழுவா?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. பேருந்து நிலையம் பக்கம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போன வீடியோ முதலில் வந்தது செல்போனில்தான். பேப்பர் மறுநாள் காலை வந்தது. வேகத்தில் குழுதான் கில்லி, அதில் பேச்சே இல்லை.

அப்புறம்? நிவாரணம் யாருக்கு விட்டுப்போனது, ஏரிக்கரையைச் சரிசெய்தார்களா என்று கேட்க ஆள் வேண்டும். குழு அதற்குள் 'காலை வணக்கம்' படத்துக்குப் போய்விடும். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பவர் பேப்பர் நிருபர். தாலுகா நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று ஏதோ வரும், விளம்பரமும் அவர்களே பிடித்துத் தர வேண்டும். விளம்பரம் தருகிறவரைப் பற்றி எப்படி எழுதுவார்? (குழு அட்மினும் ஏதோ ஒரு கட்சிக்காரர்தான், அது வேறு கதை.)

ஒகேனக்கல்லில் இன்று பரிசல் ஓடுகிறதா என்று பார்க்கக் குழு போதும் என்றுதான் நானும் நினைத்தேன். போன ஆடியில் ஒரு வெள்ள வீடியோவை நம்பிப் பென்னாகரத்திலிருந்தே திரும்பிவிட்டோம். அது முந்தின வருஷத்து வீடியோ. அன்றைய பேப்பரில் நீர்வரத்து கனஅடிக் கணக்கோடு, பரிசல் ஓடுகிறது என்று நாலே வரி இருந்தது. டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்தபோதுதான் படித்தேன்.