படம் வார்த்த சீன மைக்கட்டி: அரைத்துப் பழகிய அனுபவம்

சீனத் தூரிகை ஓவியத்துக்குப் புட்டி மையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது என் மேசையில் இருப்பது ஹூய்ஜோ மைக்கட்டி, அதாவது தண்ணீர் விட்டுக் கல்லில் அரைத்து மையாக்கும் கட்டி; சீனாவின் அன்ஹுய் மாகாணத்துச் சரக்கு. ஒரு முகத்தில் மேகங்களுக்குள் நெளியும் டிராகன், மறுமுகத்தில் தங்கம் பூசிய எழுத்துகள். எண்ணெய் விளக்குப் புகையின் கரியை வஜ்ஜிரப் பசையோடு சேர்த்து இடித்துப் பிசைந்து, மரத்தில் தலைகீழாகச் செதுக்கிய அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். டிராகனின் செதில் ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்படும்.

இந்த அச்சுகளை வைத்தே சீனாவின் மிங் அரச வம்சக் காலத்தில் ஒரு தொழில் போட்டி நடந்தது. ஃபாங் யூலூ, செங் தாயுவே என்ற இரண்டு மைத் தயாரிப்பாளர்களும் தங்கள் வடிவங்களை ஆளுக்கொரு படப் புத்தகமாகவே போட்டார்கள். செங்கின் புத்தகத்தில் சீனாவுக்குப் போன இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி கொடுத்த கிறிஸ்தவப் படங்களும் உண்டு!

சரி, அரைத்தால் எப்படி? கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டியை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல் வட்டமாக ஓட்ட வேண்டும். லேசான பச்சைக் கற்பூர வாசனை வரும். சத்தம் வரக்கூடாது, கரகரத்தால் கரி மட்டம். என் கட்டி வழுக்கிக்கொண்டு போகிறது. கறுப்பில் மெல்லிய பளபளப்பு. தண்ணீர் கலந்தால் வெதுவெதுப்பான சாம்பல் நிறம். மலையும் மூடுபனியும் வரைய இதுதான் சரி. பைன் மரக் கரி மை நீலம் ஓடி மங்கலாக நிற்கும், வண்ணத்துப்பூச்சி இறகுக்கு அதுவே அழகு.

இதே டிராகன், இதைவிட அதிகத் தங்கத்தோடு இணையத்தில் வாங்கிய மலிவுக் கட்டி ஒன்றும் இருக்கிறது. அரைத்தால் மணல் மாதிரி, காய்ந்தபின் ஈரம் பட்டால் கோடு கலைகிறது. அதை அலமாரியில் வைத்தாயிற்று, பார்க்க நன்றாகவே இருக்கிறது.

பராமரிப்புதான் கொஞ்சம் தொல்லை. வேலை முடிந்ததும் முனையைத் துடைக்காமல் கல்மேல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். வெயிலும் ஏசிக் காற்றும் பட்டால் வெடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை வரும். அரைத்த மையை மறுநாளுக்கு வைத்தால் நாறும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

பரிசுக்கு என்றால் பட்டுப் பெட்டி செட்டையே எடுங்கள். வரைவதற்கு என்றால் படத்தைப் பார்க்காமல் ரகத்தைக் கேளுங்கள். ஷாங்காய் மைகளில் 101 என்று போட்டிருந்தால் அது உயர்ரக எண்ணெய்க் கரி. சின்னக் கட்டியாக ஒன்று வாங்கி அரைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பெரிதுக்குப் போகலாம்.