ஐஎஸ்யு யூடியூப் சேனலும் சகமோட்டோவின் கடைசி சீசனும்

ஃபிகர் ஸ்கேட்டிங் பார்க்க ஆசை, ஆனால் அதற்கென்று தனியாகச் சந்தா கட்ட மனசில்லை என்பவர்களுக்கு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமான ஐஎஸ்யு நடத்தும் யூடியூப் சேனல் தாராளமாகப் போதும். இளையோர் தொடரான ஜூனியர் கிராண்ட் பிரீ முழுக்க இலவச நேரலை. சீனியர் போட்டிகளையும் ஒளிபரப்பு உரிமையை யாரும் வாங்காத நாடுகளுக்குத் திறந்து விடுகிறார்கள், காரைக்குடியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த வகையில் யோகம். ஜப்பானில் நடந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம், பிரான்ஸ் என்றால் ராத்திரி கண் விழிக்க வேண்டும்.

இந்தச் சேனலில் எனக்குப் பிடித்தது திரையின் மூலையில் ஓடும் சின்னப் புள்ளிப் பெட்டிதான். ஒவ்வொரு குதிப்பு முடிந்ததும் ஆடுபவரின் டெக்னிக்கல் புள்ளி ஏறும், பக்கத்திலேயே அப்போது முதலிடத்தில் இருப்பவரின் கணக்கும் நிற்கும். ரீப்ளே பார்த்து நடுவர்கள் குறைத்தால் அதுவும் தெரிந்துவிடும். முடிந்த பிறகு ஐஎஸ்யு தளத்தில் நடுவர் வாரியான மதிப்பெண் தாளை பிடிஎஃப்பாக எடுத்துப் பார்க்கலாம். இது இரண்டும் இல்லையென்றால் ஜப்பானின் கவோரி சகமோட்டோ தன் கடைசி சீசனிலும் எப்படி மேடை ஏறினார் என்று எனக்குப் புரிந்தே இருக்காது.

2025-26 சீசனில் சகமோட்டோவுக்கு வயது 25. நம் ஊரில் அது வேலை தேடும் வயசு, பெண்கள் ஸ்கேட்டிங்கில் மூத்த அக்கா. 2022, 2023, 2024 என்று வரிசையாக மூன்று உலகப் பட்டம், 1966 முதல் 1968 வரை வென்ற பெகி ஃப்ளெமிங்குக்குப் பிறகு எந்தப் பெண்ணும் செய்யாதது. அந்த சீசனோடு நிறுத்திக்கொள்வதாக அவரே சொல்லியிருந்தார். அவரிடம் மூன்றரை சுற்றுக் குதிப்பான ட்ரிபிள் ஆக்சல் கிடையாது, நாலு சுற்றுக் குதிப்பும் கிடையாது. எதிரே அதே ஜப்பானின் 17 வயது அமி நகாய் ட்ரிபிள் ஆக்சலோடு வந்து, 2025 பிரான்ஸ் கிராண்ட் பிரீயில் இவரைத் தாண்டி முதலிடம் வாங்கினார். ரஷ்யாவின் அடேலியா பெட்ரோசியன் நாலு சுற்றுக் குதிப்போடு நாட்டுக் கொடி இல்லாத நடுநிலை வீராங்கனையாக 2026 மிலான் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்.

சித்தப்பா மகன் ஸ்கூல் படிக்கிறவன், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, ரெண்டரை சுத்தெல்லாம் ஒரு சுத்தா?" என்று சகமோட்டோவின் டபுள் ஆக்சலைப் பார்த்து நக்கல். கணக்கு போட்டுக் காட்டினேன். 2025-26 விதிப்படி டபுள் ஆக்சலுக்கு அடிப்படைப் புள்ளி 3.30, ட்ரிபிள் ஆக்சலுக்கு 8.00. குதிப்பின் தரத்துக்கு நடுவர்கள் மைனஸ் ஐந்து முதல் பிளஸ் ஐந்து வரை போடுவார்கள், ஒவ்வொரு படியும் அடிப்படையில் பத்து சதவீதம். சகமோட்டோவின் டபுள் ஆக்சலுக்குப் பிளஸ் நான்கு கிடைத்தால் 4.62. ட்ரிபிள் ஆக்சலில் கீழே விழுந்தால் பாதி போய் 4, விழுந்ததற்கு இன்னொரு புள்ளி கழித்தால் 3. சரி, விழாமல் நன்றாகவே இறங்கினால்? பிளஸ் இரண்டு என்று வைத்தாலும் 9.60, அப்போது இடைவெளி ஐந்து புள்ளி. அந்த ஐந்தைத்தான் அவர் இன்னொரு பக்கம் எடுக்கிறார்: அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்று பத்துக்குப் போடும் மூன்று மதிப்பெண்களை இரண்டாவது, நீண்ட ஆட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் 2.67ஆல் பெருக்குகிறார்கள், மூன்றிலும் சராசரியாக 0.6 கூட வாங்கினால் ஐந்து புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிடும். போதாததற்கு அவர் சேர்த்துக் குதிக்கும் மூன்று சுற்றுக் குதிப்புகளான ட்ரிபிள் ஃப்ளிப், ட்ரிபிள் டோ லூப் ஜோடிக்கு அடிப்படை 9.50, நாலு சுற்று டோ லூப்புக்கும் அதே 9.50தான். ஆட்டத்தின் பின்பாதிக்கு அந்த ஜோடியைத் தள்ளி வைத்தால், அங்கே வரும் கடைசி மூன்று குதிப்புகளில் ஒன்றாகப் பத்து சதவீதம் கூடுதல். பையன் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அப்பத்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பட்டாலையில் சாய்ந்தபடி அந்த டபுள் ஆக்சலைப் பார்த்துவிட்டு, "இவ என்னடி இம்புட்டு தூரம் தாண்டி வந்து சத்தமில்லாம இறங்குறா" என்றார். அதேதான். மற்றவர்கள் குதிப்பதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்துத் தயாராவது கண்ணுக்குத் தெரியும், இவர் வந்த வேகத்திலேயே எழும்பி, இறங்கிய பிறகும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்.

குறை இல்லாமல் இல்லை. ட்ரிபிள் லட்ஸ் என்பது இடது காலின் வெளி விளிம்பிலிருந்து எழ வேண்டிய குதிப்பு, இவருக்குக் கடைசி நொடியில் கால் உள்பக்கம் சாய்ந்துவிடும். நடுவர் அதைத் தவறு என்று குறித்தால் 5.90 அப்படியே 4.72 ஆகிவிடும், தரப் புள்ளியும் அடிபடும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் நமக்கே தெரிகிறது. 2025 டிசம்பரில் ஜப்பானின் நகோயாவில் நடந்த கிராண்ட் பிரீ ஃபைனலில் முதல் ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் பின்தங்கி, பிறகு மீண்டு மூன்றாம் இடம் வரை வந்தார். அமெரிக்காவின் அலிசா லியூ முதலிடம், நகாய் இரண்டாமிடம்.

சேனலைப் பற்றிக் குறை சொல்வதென்றால், வர்ணனை ஆங்கிலத்தில்தான், சில வீடியோக்களின் தலைப்பை வைத்து எந்த ஆட்டம் என்று கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். படம் நின்று நின்று வந்ததற்கு எங்கள் வீட்டு பிராட்பேண்ட்தான் காரணம், அந்தப் பழியைச் சேனல் மேல் போட மாட்டேன். முக்கியமான விஷயம், ஒலிம்பிக் இதில் வராது, அந்த உரிமை வேறு இடத்தில் இருக்கிறது. மிலானில் பெண்கள் ஷார்ட் 2026 பிப்ரவரி 17, ஃப்ரீ 19 என்று இருந்தது, அதற்கு வேறு ஏற்பாடுதான்.

மிலானில் சகமோட்டோவுக்குப் பதக்கம் உண்டு என்றுதான் போட்டிக்கு முன்னால் நினைத்தேன். ஷார்ட்டில் பெண்கள் நாலு சுற்று குதிக்க விதியில் அனுமதி இல்லை, அதனால் பெட்ரோசியனின் பெரிய ஆயுதம் ஒரு நாள் உறையிலேயே கிடக்கும் என்று கணக்கு. குறைந்தபட்ச வயதை 17 ஆக்கியதில் ஜப்பானின் இளம் வீராங்கனை மாவோ ஷிமடாவும் அந்தத் தடவை வர முடியவில்லை, வந்திருந்தால் கதையே வேறு. தங்கம்தான் சந்தேகமாக இருந்தது, அதற்கும் காரணம் குட்டிப் பெண்கள் இல்லை, அலிசா லியூ. 14 வயதில் நாலு சுற்று லட்ஸ் குதித்தவர், 16ல் விளையாட்டையே விட்டுப் போனவர், திரும்பி வந்து ட்ரிபிள் ஆக்சல் கூட இல்லாமல் 2025ல் பாஸ்டனில் சகமோட்டோவை இரண்டாமிடத்துக்குத் தள்ளி உலகப் பட்டம் வாங்கிவிட்டார். சகமோட்டோவின் வழியிலேயே வந்து அவரை முந்தியவர், அவரைத் தாண்டத்தான் கஷ்டம் என்று தோன்றியது.

சேனலுக்கு ஐந்துக்கு நான்கு ஸ்டார். பிரான்ஸ், நகோயா ஆட்டங்களின் ரீப்ளேயை மதிப்பெண் தாளோடு சேர்த்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.