மூன்றரைக் கட்டை கிடையாது: சுருதி மாற்றும் மென்பொருட்களோடு ஆறு வருடம்

சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் ஓர் அறை. ஒரு கணினி, ஒரு மைக், ஜன்னலை அடைக்க ஒரு பழைய மெத்தை. பகலில் வேறு வேலை, சாயங்காலம் ஒலிப்பதிவு. வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்வது பாவம்தான், ஆனால் வேறு வழியில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் பஜனைக் குழுக்காரர்கள், சர்ச் பாடகர் குழுப் பிள்ளைகள், பாட்டு சொல்லித் தருபவர்கள். எல்லாரும் கேட்பது ஒன்றே: "இந்த டிராக்கைக் கொஞ்சம் சுருதி இறக்கித் தர முடியுமா?"

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று முதலில் கேட்டு வாங்குங்கள். ஒன்றிரண்டு செமிடோன் (கீபோர்டில் கறுப்பு வெள்ளை சேர்த்து ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு உள்ள தூரம்) என்றால் இலவச மென்பொருளே போதும். நான்கைத் தாண்டினால் எவ்வளவு காசு கொட்டினாலும் காது கண்டுபிடித்துவிடும். ஆறு வருடத்தில் நான் மென்பொருள் மாற்றியதை விட இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டதில் கிடைத்த பலன் அதிகம்.

கணக்கு என்றதும் என் அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை என்று சொல்வது நம் வழக்கம். இரண்டரைக் கட்டையில் இருந்த ஒரு கரோக்கி டிராக்கை நான்கு கட்டைக்கு ஏற்றச் சொன்னார்கள். அரைக் கட்டைக்கு ஒரு செமிடோன் என்று மனதில் வைத்துக்கொண்டு இரண்டரை, மூன்று, மூன்றரை, நான்கு என எண்ணி மூன்று செமிடோன் ஏற்றிக் கொடுத்தேன். கீபோர்டைப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்: மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கட்டையே இல்லை. ஏற்ற வேண்டியது இரண்டுதான். அன்று ராத்திரி கோயிலில் ஆர்மோனியம் நான்கில், என் டிராக் நாலரையில். குழுத் தலைவர் போன் போட்டார்: "இன்னா தம்பி, பொட்டியோட சண்டை போடுது உன் டிராக்கு?" அதே சிக்கல் ஏழு கட்டைக்கும் மேல் ஸ்தாயி ஒன்றுக்கும் இடையிலும் உண்டு. இப்போது மானிட்டர் ஓரத்தில் கீபோர்டு படம் ஒன்று ஒட்டியிருக்கிறது.

சரி, மென்பொருளுக்கு வருவோம். முதல் இரண்டு வருடம் ஆடாசிட்டி மட்டும்தான். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். 2024இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து துண்டைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் விசையோடு மேல் அம்பை அழுத்தினாலே ஒரு செமிடோன் ஏறிவிடுகிறது. பிடிக்கவில்லை என்றால் கீழ் அம்பு, மூலப் பதிவு கெடாது. முன்பெல்லாம் எஃபெக்ட் பட்டியலுக்குப் போய், எண் போட்டு, காத்திருந்து, கேட்டு, திரும்பப் பழைய நிலைக்குப் போய்... பஜனை டிராக்குக்கு இன்றும் அதையே திறக்கிறேன்.

தனிக் குரல் வேறு விஷயம். நம் தொண்டையும் வாயும் மூக்கும் சேர்ந்து ஒரு கூடு. சில அதிர்வெண்களை அந்தக் கூடு எடுப்பாக்கிக் கொடுக்கிறது; அதைத்தான் ஃபார்மன்ட் என்கிறார்கள். சுருதி ஏற்றிப் பாடினாலும் கூட்டின் அளவு மாறாது, அதனால் அதே ஆள் என்று தெரிகிறது. எஃபெக்ட் பட்டியலில் இருக்கும் சாதாரண சுருதி மாற்றியோ சுருதியோடு ஃபார்மன்டையும் சேர்த்து நகர்த்தும். ஏற்றினால் பொம்மைக் குரல், இறக்கினால் தெருக்கூத்தில் திரைக்குப் பின்னாலிருந்து அரக்கன் உறுமுகிற குரல்.

இதற்காகத்தான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்கு மாறினேன். 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். இதில் ஸிபிளேன் நிறுவனத்தின் எலாஸ்டிக் என்ற சுருதி மாற்றும் அல்காரிதம் உள்ளே இருக்கிறது. ப்ரோ வகையில் ஃபார்மன்டைப் பிடித்து நிறுத்தும் தேர்வு உண்டு. ஒற்றைக் குரலுக்கு என்றே சோலோயிஸ்ட் என்று ஒரு வகையும் உண்டு. வாத்தியங்களுக்கு ஃபார்மன்டைப் பிடித்து வைக்காதீர்கள், புல்லாங்குழல் மூக்கடைத்த மாதிரி ஆகும். பதிவு எதிரொலி இல்லாமல் இருந்தால் மூன்று செமிடோன் வரை குரல் தாங்குகிறது. கல்யாண மண்டபத்து எதிரொலியோடு வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோ என்றால் ஒன்றுக்கே கரகரக்கும். பெரிய கோப்பாக இருந்தாலும் வேவ் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

மியூனிக்கைச் சேர்ந்த செலிமோனியின் மெலோடைனும் வைத்திருக்கிறேன், குறைந்த விலைப் பதிப்பு. ஒவ்வொரு ஸ்வரமும் திரையில் ஒரு குமிழாக வரும், அதைப் பிடித்து இழுக்கலாம். ஒரே ஓர் இடத்தில் சுருதி நழுவிய பாட்டுக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் நம் பாட்டில் குமிழ் எங்கே முடிகிறது, கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது) எங்கே தொடங்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தைப் பக்கத்து ஸ்வரத்தில் ஒட்ட வைத்துப் பாருங்கள், உயிர் போய்விடும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏற்றி இறக்கினால் வளைவு அப்படியே இருக்கும். தானாகத் திருத்தும் பொத்தான் பக்கம் மட்டும் போகக் கூடாது. ஆட்டோட்யூன் வகைக்கும் இதே எச்சரிக்கை. 1997இல் அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் நில அதிர்வு அலைகளை வைத்து எண்ணெய் தேடும் கணக்கு போட்டவர். அவர் கணக்கில் கமகம் இருந்திருக்காது!

எனக்குப் பிடித்த வேலை கேசட்டுகள். ஆரணி பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை என் பெரியப்பா டேப்பில் பதிந்து வைத்திருந்தார். முகவீணையும் ஆர்மோனியமும் கேட்கவே அவசரமாக இருந்தன. இங்கே சுருதி மாற்றியைத் தொடவே கூடாது. டேப் வேகமாக ஓடியதால்தான் சுருதி ஏறியது, ஆகவே வேகத்தைக் குறைத்தால் சுருதி, தாளம், ஃபார்மன்ட் மூன்றும் ஒன்றாக வீடு திரும்பும். எவ்வளவு குறைப்பது? பதிவின் அடியில் மின்சார ரீங்காரம் இருந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டியின் அலைமாலையில் (எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படம்) அது 53இல் நின்றது, கிட்டத்தட்ட ஒரு செமிடோன். வேகத்தை 0.943 மடங்காக்கினேன், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் நிதானத்துக்கு வந்தான். ஜெனரேட்டரில் ஓடிய ராத்திரி என்றால் இந்த அளவுகோலை நம்ப முடியாது. அதற்கு ஆர்மோனியத்தைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் எந்தச் சுருதியில் செய்த பெட்டியோ.

குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தரும் கருவிகளும் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. நான் டெமக்ஸ் பயன்படுத்துகிறேன். சினிமா வகை டிராக்கில் டிரம்ஸை மட்டும் தனியே எடுத்து அப்படியே விட்டுவிட்டு மற்றதை ஏற்றினால் அடி தெளிவாக இருக்கும். மிருதங்கத்துக்கு இது ஆகாது, அது சுருதி சேர்த்த வாத்தியம், கூடவே நகர வேண்டும். தவிர, பிரிக்கும்போது தொப்பி எனும் தடித்த ஒலிப் பக்கத்து நாதம் சில நேரம் பேஸ் (கீழ்ச் சுருதி வாத்தியம்) கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியாகக் காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு பாட்டு வாத்தியார் வந்தார். ஒரு கட்டையில் அவர் பாடிய பாடங்களை, ஐந்து கட்டையில் பாடும் பெண் பிள்ளைகளுக்கு மாற்ற வேண்டும். ஏற்றினால் ஏழு செமிடோன், இறக்கினால் ஐந்து. இரண்டையும் எல்லா மென்பொருளிலும் செய்து பார்த்தேன். இறக்கியது பரவாயில்லை, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, சின்னப் பிள்ளைகள் எந்த ஸ்தாயியில் பிடிப்பது என்று திணறின. மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். நான்காம் நாள் வாத்தியார் தன் மூத்த மாணவியை அழைத்து வந்தார். "நீயே பாடிடும்மா" என்றார். சுருதிப் பெட்டியை ஐந்தில் வைத்துப் பத்துப் பாடங்களையும் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டது அந்தப் பெண். காபி ஆறியிருக்கவில்லை.