பாங்காக்கில் நடந்து சுற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: "அரண்மனை இன்று மூடல்" என்றால் நம்பாதீர்கள்

பாங்காக்கின் பழைய நகரத்தை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். சனாம் சாய் மெட்ரோவில் இறங்கினால் வாட் போ கோயில் கூப்பிடு தூரம். அங்கிருந்து மதிலை ஒட்டி நடந்தால் அரச மாளிகையான பெரிய அரண்மனை. தா தியென் படகுத்துறையில் 5 பாட் (தாய்லாந்து நாணயம்) கொடுத்தால் எதிர்க்கரையில் வாட் அருண் கோயில். ரத்தினக் கல்லைத் தலையில் கட்டும் ஏமாற்று தொடங்குவது இந்த மதிலோரத்தில்தான்.

அரண்மனை மதில் சுற்றிலும் 1,900 மீட்டர். அதில் பல வாசல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். நமக்கான வாசல் வடக்கே, நா ஃப்ரா லான் சாலையில். தெரியாமல் வேறு பக்கம் போய் நின்றால் எதிரே மூடிய கதவு, பக்கத்தில் ஒரு கனவான். நன்றாக உடுத்தியிருப்பார், கழுத்தில் அட்டைகூடத் தொங்கும். "இன்னைக்குப் பூஜை. வெளிநாட்டுக்காரங்களுக்கு மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பாங்க" என்பார். தாய்லாந்து மக்கள் வேறு வாசலில் உள்ளே போவது கண்ணுக்குத் தெரிவதால் பேச்சு உண்மை போலவே இருக்கும். உண்மையில் டிக்கெட் கவுன்ட்டர் காலை 8:30 முதல் மாலை 3:30 வரை. டிக்கெட் 500 பாட். அரச நிகழ்ச்சிக்காக மூடினால் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் அறிவிப்பு இருக்கும். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை போட்டிருந்தால் வாசலில் தடுப்பார்கள். அது நிஜமான விதி.

அடுத்து உங்கள் வரைபடத்தில் மூன்று கோயில்களைச் சுழித்துக் கொடுத்து, ஒரு டுக்டுக்கையும் (அந்த ஊர் ஆட்டோ) கைகாட்டி நிறுத்துவார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 பாட், 40 பாட் என்பார்கள். அந்தக் காசில் வண்டி ஓடாது. உங்களை ரத்தினக் கல் கடைக்குள் கொண்டு விட்டால் ஓட்டுநருக்குப் பெட்ரோல் கூப்பனும் கமிஷனும் கிடைக்கும்; வண்டி ஓடுவது அதில்தான்.

கவனிக்க வேண்டியது, முதல் ஆள் ரத்தினக் கல் பற்றி வாயே திறக்கமாட்டார், அல்லது போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்வார். ஆளரவமில்லாத முதல் கோயிலில் இன்னொருவர் தற்செயலாகப் பேச்சுக் கொடுப்பார்: தானும் இங்கே நீலக்கல் வாங்கி வெளிநாட்டில் இரட்டை விலைக்கு விற்றதாக. சம்பந்தமில்லாத இரண்டு பேர் ஒரே கடையைச் சொல்கிறார்களே என்று மனம் இளகும் இடம் இதுதான். இருவரும் ஒரே கூட்டம்.

கடையில், "அரசு வரிச்சலுகை இன்றோடு முடிகிறது" என்பார்கள். அப்படி ஒரு சலுகையே கிடையாது. கல் அசல் என்று காட்ட, அதனால் கண்ணாடியைக் கீறிக் காட்டுவார்கள். செயற்கை நீலக்கல்லும் அதே அலுமினியம் ஆக்சைடுதான், கடினத்தன்மை 9. அதுவும் கண்ணாடியைக் கீறும். செயற்கையை இனம்காட்டுவது உருப்பெருக்கியில் தெரியும் வளைந்த கோடுகளும் காற்றுக்குமிழிகளும். கல் இயற்கையானதாகவே இருந்தாலும் மட்டரகமாக இருக்கும், பல மடங்கு விலையில். நீலக்கல்லைச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. "இன்றே" என்று நெருக்கும் கடையில் அதை மறந்துவிடுகிறார்கள்.

பணம் வாங்கும் விதத்திலும் சூழ்ச்சி உண்டு. சில சமயம் நகைக்கடைக்குக் கூட்டிப்போய் உங்கள் கார்டில் தங்கம் வாங்க வைத்து, அந்தத் தங்கத்தைக் கல்லுக்கு விலையாகப் பெறுவார்கள். தங்கக் கடை சரக்கைச் சரியாகக் கொடுத்துவிட்டது என்பதால் வங்கியில் புகார் எடுபடுவது கடினம். கல்லையும் கையில் தராமல், "பத்திரமாக வீட்டுக்குத் தபாலில் அனுப்புகிறோம்" என்பார்கள். பாங்காக்கிலேயே நீங்கள் அதைப் பரிசோதித்துவிடக் கூடாது என்பதற்காக.

சனாம் லுவாங் திடலில் புறாவுக்கென்று சோளப் பொட்டலத்தைக் கையில் திணித்தால் விரலை மடக்காதீர்கள். வாங்கிவிட்டால் காசு வாங்காமல் விடமாட்டார்கள்.

டுக்டுக்கில் ஏறிவிட்டீர்களா? முதல் நிறுத்தத்திலேயே இறங்கி நடந்துவிடுங்கள். கல்லையே வாங்கிவிட்டால், ஊர் திரும்பும் முன் சுற்றுலாக் காவல்துறையை 1155 எண்ணில் அழையுங்கள். ரசீது, கார்டுச் சீட்டு, கடையின் முகவரி கையில் இருக்கட்டும். தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னால் அஞ்சல் ரசீதையும் கேட்டு வாங்குங்கள். வங்கிக்கும் அன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள்.