‘விண்டோஸ் 11 ஏறாது’ என்ற ஒரு வரியை நம்பி ஏமாந்தேன்

பழைய டெஸ்க்டாப்பைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்க நினைப்பவர்கள், கடைக்குக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என் கணினி 2018-இல் வாங்கியது. கோர் ஐ5-8400 ப்ராசசர், 8 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க். கடைசி ஓராண்டாக, ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் அது வேலைக்குத் தயாராக இருக்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததும் கவலை கூடியது. பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மைக்ரோசாப்டின் சோதனைச் செயலியை ஓட்டி, விண்டோஸ் 11-க்கு இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்று வந்த வரியைக் காட்டினார். “ப்ராசசர் பழசாகிவிட்டது சார், இதற்குச் செலவு செய்வது வீண். ஐ7 மெஷின் இருக்கிறது, எஸ்எஸ்டி போட்டது. பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன்” என்றார். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம். ஐ5-ஐவிட ஐ7 உயர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒப்புக்கொண்டேன்.

அந்த வரிக்குக் கீழேயே காரணமும் இருந்தது: டிபிஎம் 2.0 இல்லை. நான் படித்தேன், ஆனால் பொருள் கேட்கவில்லை. அது ஒரு பாதுகாப்பு அம்சம். அந்தக் காலத்து இன்டெல் கணினிகள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரையில், ‘பிடிடி’ என்ற அமைப்பை இயக்கினால் வந்துவிடும். ஐ5-8400 மைக்ரோசாப்டின் ஆதரவுப் பட்டியலில் இருக்கும் ப்ராசசர். வேகக் குறைவுக்கும் ப்ராசசர் காரணமில்லை. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் எப்போது பார்த்தாலும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது, ப்ராசசரோ சும்மா இருந்தது. ஹார்ட் டிஸ்கின் இடத்தில் ஓர் எஸ்எஸ்டி போட்டிருந்தால் போதும். அரை நாள் வேலை.

வந்த கணினி முதலில் வேகமாகத்தான் இருந்தது, எஸ்எஸ்டி இருந்ததால். ஆனால் விண்டோஸின் அடுத்த பதிப்பு அதற்கு வரவேயில்லை. சந்தேகப்பட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், கோர் ஐ7-3770 என்று இருக்கிறது. 2012-இல் வந்த ப்ராசசர்! விண்டோஸ் 11 இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆதரிக்கப்படுகிறது. இதில் விண்டோஸ் 11-ஐச் சோதனையைத் தாண்டவைத்து ஏற்றியிருக்கிறார்கள். எட்டாம் தலைமுறையான என் ஐ5-8400-ஐக் கொடுத்துவிட்டு, மேலே பணமும் கட்டி, மூன்றாம் தலைமுறையை வாங்கி வந்திருக்கிறேன். கேபினெட் மட்டும்தான் புதிது. ரேம் டிடிஆர்3 என்ற பழைய வகை என்பதால், நாளை மதர்போர்டை மாற்றினால் அதுவும் உடன் வராது.

தயவுசெய்து ஐ5, ஐ7 என்பதோடு நிறுத்தாதீர்கள், அதன் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 8400 என்றால் எட்டு, 12400 என்றால் பன்னிரண்டு. அந்த எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். எஸ்எஸ்டியையும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் பாருங்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டிவிடும். எனக்குக் கிடைத்தது 19,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இரவு பகலாக இரண்டு ஆண்டுகளுக்கும் அதிகம்.

சண்டை போடப் போனேன். “ஐ7 என்றுதானே சொன்னேன், ஐ7-தானே கொடுத்திருக்கிறேன்?” என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். ‘கம்ப்யூட்டர் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. மாடல் எண் இல்லை, சீரியல் எண் இல்லை, புதியதா பயன்படுத்தியதா என்ற சொல் இல்லை. அந்தத் துண்டுச் சீட்டைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் பழைய ஹார்ட் டிஸ்கை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. வங்கிக் கணக்கு விவரங்கள், அடையாள அட்டை நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் அதில் இருந்தன. “ஃபார்மட் செய்துவிடுகிறேன்” என்று அவர் சொன்னதை நம்பினேன். விரைவு ஃபார்மட் செய்த டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்பது எளிது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். திருப்பிக் கேட்டபோது, கணினியோடு சேர்த்து அன்றே விற்றுவிட்டதாகச் சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன், வங்கிக்கும் தெரிவித்தேன். நகல்களை என்ன செய்ய முடியும்?

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நான்கு திருகு, இரண்டு கேபிள், அவ்வளவுதான். டிஸ்க் இல்லாவிட்டால் விலையைக் குறைப்பேன் என்பார்கள். குறைக்கட்டும்.