சிங்கப்பூர் லீவு, வார்டுல கழிஞ்ச ரெண்டு வாரம், அப்பாவோட சிஆர்பி

பெர்த்ல இருந்து கிளம்புறப்ப தேக்காவுல, அதான் லிட்டில் இந்தியாவுல, தீபாவளி லைட் பாக்கணும், முறுக்கு மாவு வாங்கணும்னு லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன், ஃபிளைட்டுக்கு முந்தின நாள் அக்கா போன், அப்பாவுக்கு ஒரு பக்கம் வாய் கோணிருச்சு, கை தூக்க முடியல, 995 அடிச்சுட்டேன்னு. சாங்கில இறங்கி பெட்டியோட நேரா ஹாஸ்பிட்டல்தான். முதல்ல நல்லத சொல்லிடுறேன், ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துச்சு, போன உடனே தலைய ஸ்கேன் எடுத்துட்டாங்க. நான் போய்ச் சேரும்போது அப்பா பி2ங்கிற மானிய வார்டுல, மேல ஃபேன் சுத்துது, கண்ண தொறந்து பாத்தாரு, பேச்சு மட்டும் குழறல்.

மூணாவது நாள் சனிக்கிழமை, ஜொரம். கூடவே கொழகொழன்னு இருமல். எக்ஸ்ரேல வலது நுரையீரல் கீழ்ப்பக்கம் வெள்ளையா திட்டு. ஸ்ட்ரோக்ல முழுங்குற தசை சரியா வேலை செய்யாது, எச்சிலே கூட மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடும், சிலருக்கு இருமல் கூட வராது, அதனால யாருக்கும் தெரியாது, முதல் ஏழு நாளைக்குள்ள வர்ற இந்த மாதிரி நிமோனியாவுக்குன்னே தனியா பேரு வச்சிருக்காங்கன்னு டாக்டர் சொன்னாரு. அப்பதான் அத்தை மெதுவா, "தம்பி, நேத்து நான் ரெண்டு ஸ்பூன் கோப்பி குடுத்தேன்டா, அண்ணனுக்கு கோப்பி இல்லன்னா விடியாதே"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. கட்டில் தலைமாட்டுல 'வாய் வழியா எதுவும் குடுக்கக் கூடாது'ன்னு பலகை இருந்துச்சு, ஆனா இங்கிலீஷ்ல மட்டும். எம்ஆர்டி பிளாட்பாரத்துல கூட தமிழ்ல எழுதி வைக்கிற ஊர்ல, எழுபத்தஞ்சு வயசு அத்தை படிக்க வேண்டிய ஒரே பலகைல தமிழ் இல்ல! டாக்டர் பாவம், ரெண்டு ஸ்பூன்னாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது ஆன்ட்டின்னு சமாதானம் பண்ணாரு. முழுங்குறத சோதிக்கிற தெரபிஸ்ட் திங்கக்கிழமைதான் வருவாங்கன்னது எனக்கு இன்னும் ஆத்தாமைதான்.

அப்புறம் எனக்கு ஒரு பைத்தியம் புடிச்சுச்சு, சிஆர்பி பைத்தியம். சி-ரியாக்டிவ் புரோட்டீன்ங்கிறதோட சுருக்கம், ஒடம்புல எங்கயாவது அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருந்தா கல்லீரல் ரத்தத்துல விடுற புரதம் அது, 1930ல கண்டுபுடிச்சதே நிமோனியா நோயாளிங்க ரத்தத்துலதானாம், நிமோனியா கிருமில இருக்க 'சி'ன்னு பேரு வச்ச ஒரு சர்க்கரைப் பொருளோட ஒட்டுறதால அந்தப் பேரு. சாதாரணமா லிட்டருக்கு பத்து மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், அப்பாவுக்கு 186. ராத்திரி அத்தை வீட்டு சோபாவுல படுத்துக்கிட்டு தேடுனா, சிஆர்பி கூடுனவங்க, ரத்த வெள்ளணுவுல நியூட்ரோஃபில்ங்கிற வகை ஏறி லிம்ஃபோசைட்ங்கிற வகை எறங்குனவங்க, இவங்கள்ல உயிர் தப்புறது கொறைவுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணா வருது. தூக்கம் போச்சு.

காலைல ரவுண்ட்ஸ்ல அந்த டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன், அப்பா பொழைப்பாரா மாட்டாரா. அவரு அவசரப்படாம ஸ்கிரீன என் பக்கம் திருப்பி காட்டுனாரு. ஸ்ட்ரோக்ல மூளை பாதிச்சாலே, கிருமி இல்லாமயே சிஆர்பி கொஞ்சம் ஏறும், நியூட்ரோஃபிலும் ஏறும், அதோட ஸ்ட்ரோக் எதிர்ப்புச் சக்தியவே கொஞ்ச நாளைக்கு அமுக்கி வச்சிடும், அதுலதான் லிம்ஃபோசைட் எறங்குது. பெரிய ஸ்ட்ரோக், வயசு, முழுங்க முடியாமை, இதெல்லாம் இருக்கவங்களுக்குத்தான் நம்பரும் ஏறுது, சாவும் கூடுது, அதனால நம்பரே ஆள கொல்லுதுன்னு எடுத்துக்காதீங்க, ஒரு நாள் நம்பர விட்டுட்டு மருந்து ஆரம்பிச்ச பிறகு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்கன்னாரு. அழற்சி அடங்குனா சிஆர்பி சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியாகுமாம்.

அப்ப முதல் நாளே ஆன்டிபயாட்டிக் போட்டிருக்கலாமேன்னு கேட்டேன், கேக்காம இருப்பனா. 2015ல நெதர்லாந்துலயும் பிரிட்டன்லயும் பெரிய ஆய்வு பண்ணி பாத்துட்டாங்க, முன்கூட்டியே போட்டும் நிமோனியா கொறையல, ஆளுங்களோட நிலைமையும் மாறலன்னாரு. அதுக்கு மேல நான் வாய தொறக்கல.

மறுநாள் சிஆர்பி 204, எனக்கு வயித்தக் கலக்குச்சு. அடுத்து 121. அப்புறம் 64. தஞ்சாவூர்க்கார நர்ஸ் ஒருத்தங்க, "ஐயா, கொஞ்சம் மேல போலாம்"னு கட்டில் தலைப்பக்கத்த தூக்கி நிமித்தி வைப்பாங்க, வேளாவேளைக்கு வாய் கழுவி விடுவாங்க, வாய்ல இருக்க கிருமி உள்ள போகக் கூடாதுன்னு. நான் நம்பர் பாத்துட்டு இருந்த நேரமெல்லாம் அவங்க அப்பாவோட வாயத்தான் பாத்துட்டு இருந்திருக்காங்க. அத்தைக்கு தமிழ்ல உக்கார வச்சு வெளக்குனதும் அவங்கதான்.

பில்லு, மெடிஷீல்ட் இன்சூரன்ஸ் பேப்பரெல்லாம் அக்கா பாத்துக்கிட்டா, அதுல எனக்கு சொல்ல பெருசா ஒண்ணுமில்ல.

இப்ப கம்யூனிட்டி ஹாஸ்பிட்டல்ல மறுவாழ்வுப் பயிற்சி நடக்குது, சாப்பாட்டுக்காக மூக்குல போட்டிருந்த டியூப் எடுத்தாச்சு. தெரபிஸ்ட் சரின்னதும், மூச்சுக்குழாய்க்குள்ள இறங்காம இருக்க கெட்டியாக்குற பவுடர் கலந்து கோப்பி, நான்தான் கலக்குனேன், கட்டி கட்டியா போச்சு. ஒரு ஸ்பூன் மெதுவா முழுங்கிட்டு அப்பா குழறிக்கிட்டே சொன்னாரு, "இது கோப்பியாடா? செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்."