துபாயா, அபுதாபியா? குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

"துபாய் போறோம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். விடுமுறைக்கு "அபுதாபி போறோம்" என்று கிளம்புகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அபுதாபி என்றால் துபாயிலிருந்து காலையில் வேனில் ஏறி, மசூதி வாசலில் படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடும் ஊர் என்றே பேச்சு.

நாங்கள் போனது டிசம்பர் கடைசியில். ஆறு வயது மகன், பதின்மூன்று வயது மகள், முழங்கால் வலியோடு எழுபதைத் தாண்டிய அம்மா, நாங்கள் இருவர். துபாயில் நான்கு இரவு, அபுதாபியில் இரண்டு. மறுபடி போனால் இதை மூன்றுக்கு மூன்று என்று மாற்றிவிடுவேன். ஏன் என்று சொல்கிறேன்.

சுற்றுவதற்கு எது சுலபம் என்றால், சந்தேகமே இல்லாமல் துபாய்தான். 2009-இல் தொடங்கிய ஓட்டுநர் இல்லாத மெட்ரோ பெரும்பாலான இடங்களுக்குக் கொண்டுபோய் விடுகிறது. நோல் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டால் மெட்ரோ, பஸ் இரண்டுக்கும் ஆகும். ஸ்டேஷன்களில் லிஃப்ட் இருப்பதால் அம்மா படி ஏற வேண்டியிருக்கவில்லை. மகனுக்கு ரயிலின் முன் கண்ணாடியோரம் நின்று தண்டவாளத்தைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. ஆண்கள் அதில் ஏறினால் அபராதம். ஆகவே கூட்ட நேரத்தில் குடும்பம் இரண்டாகப் பிரியும். எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று முன்பே பேசி வையுங்கள். ரயிலுக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது, சூயிங்கம்கூட. பிள்ளைகளுக்கு இதை ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 'துபாய் மால்' ஸ்டேஷனில் இறங்கினால் மால் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஏ.சி. போட்ட நடைபாலத்தில் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நகரும் பாதை இருக்கிறது, ஆனாலும் அம்மா நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டார். வயதானவர்கள் கூட இருந்தால் அன்று மட்டும் டாக்ஸி எடுங்கள்.

அபுதாபியில் மெட்ரோ கிடையாது. பஸ் உண்டு, ஆனால் மசூதி ஒரு பக்கம், லூவ்ர் அருங்காட்சியகம் சாதியாத் தீவில், பூங்காக்கள் யாஸ் தீவில் என்று எல்லாம் சிதறிக் கிடக்கின்றன. டாக்ஸிதான் வழி. ஐந்து பேர் என்றால் பெரிய வண்டியாகக் கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அபுதாபி செலவு வைக்கும்.

உயரத்திலிருந்து பார்க்கும் ஆசைக்கு துபாய். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவின் 124, 125-ஆம் மாடிகளுக்கு ஏறலாம். சூரியன் மறையும் நேர டிக்கெட்டுக்கு விலை அதிகம். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது சபீல் பூங்காவில் இருக்கும் துபாய் ஃபிரேம். 150 மீட்டர்தான். ஒரு பக்கம் தேராவின் பழைய ஊர், மறு பக்கம் ஷேக் சாயித் சாலையின் கோபுரங்கள். ஊர் எங்கிருந்து எங்கே வந்தது என்று பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, திரும்பி நின்றால் போதும். புர்ஜைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்குக் காசில்லை, அதுவே பெரிய காட்சி. மாலுக்குள் இருக்கும் மீன் தொட்டியின் பெரிய கண்ணாடியும் அப்படித்தான். வெளியே நின்றே திருக்கைகளையும் சுறாக்களையும் பார்க்கலாம்.

துபாயில் எங்கள் எல்லோருக்கும் பிடித்த இடம் இவை எதுவும் இல்லை. க்ரீக் எனப்படும் உப்பங்கழியைக் கடக்கும் மரப்படகு, அப்ரா. பர் துபாயிலிருந்து தேராவுக்கு ஆளுக்கு ஒரு திர்ஹம். நடுவில் நீளமாக ஒரு பலகை, அதில் முதுகோடு முதுகாக எல்லோரும் தண்ணீரைப் பார்த்து உட்கார வேண்டும். பக்கத்தில் தடுப்பு எதுவும் இல்லாததால் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஏறும்போது படகு ஆடியது; படகுக்காரர் ஒன்றும் பேசாமல் அம்மாவின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். அக்கரையில் இறங்கியதும் ஏலக்காய், குங்குமப்பூ, காய்ந்த எலுமிச்சை வாசம். அங்கேதான் அம்மாவுக்கு உடலை மூடும் கறுப்பு அங்கி, ஓர் அபாயா வாங்கினோம், மறுநாள் மசூதிக்காக.

பாலைவனப் பயணம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டிராவல்ஸ்காரர் "குழந்தைக்கும் பாட்டிக்கும் ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதை நம்பி மணல் மேட்டில் ஜீப்பில் போனோம். மகன் வாந்தி எடுத்தான், அம்மா அன்று இரவு முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தார். கேட்டால் பணம் திரும்பாது என்றார்கள். மணல் பார்க்க ஆசை என்றால் குலுக்கல் இல்லாத பயணமாகக் கேட்டு வாங்குங்கள்.

சரி, அபுதாபி. ஷேக் சாயித் பெரிய மசூதிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். பெண்கள் தலையையும், கை மணிக்கட்டு வரையும், கால் கணுக்கால் வரையும் மூடியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடுவதில்லை. நடை அதிகம்தான், ஆனால் முதியவர்களுக்குச் சிறிய மின்வண்டி உண்டு, தயங்காமல் கேளுங்கள். 82 குவிமாடம், 5,600 சதுர மீட்டருக்கு மேல் ஒரே கம்பளம், ஈரானியக் கைவினைஞர்கள் கையால் முடிச்சிட்டது. இந்த எண்களைப் படித்துவிட்டுத்தான் போனேன். மாலை நாலரைக்குப் போய், வெளிச்சம் மங்கும் வரை இருந்தோம். வெள்ளைச் சலவைக்கல் முதலில் மஞ்சளாகி, பிறகு நீலமாகியது. நிலவின் வளர்பிறை, தேய்பிறைக்கு ஏற்ப அங்கே விளக்கின் நிறம் மாறுமாம். பாங்கு கேட்டபோது அம்மா தானாகவே கை கூப்பி நின்றார். துபாயிலிருந்து வேனில் வந்தவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார்கள். ஒரே நாளில் ஓட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணமே அந்த அரைமணி நேரம்தான்.

2017-இல் திறந்த லூவ்ர் அபுதாபிக்குப் பிள்ளைகள் முனகிக்கொண்டே வந்தார்கள். 180 மீட்டர் அகலக் கூரை, முழுக்க நட்சத்திர வடிவ ஓட்டைகள், எட்டு அடுக்கு. பேரீச்ச ஓலை வேய்ந்த கூரையை நினைத்து பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் வடிவமைத்தது. வெயில் அதன் வழியாகச் சல்லடையாக விழுகிறது. மகன் தரையில் விழுந்த ஒரு பொட்டு வெளிச்சத்தை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அது மெல்ல நகர்ந்து விரலுக்குப் போனதைத் தன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். 18 வயதுக்குக் கீழே இலவசம். திங்கட்கிழமை விடுமுறை.

பிள்ளைகள் விளையாட்டுப் பூங்கா கேட்டால் யாஸ் தீவுக்கே என் ஓட்டு. ஃபெராரி வேர்ல்டின் 240 கிலோமீட்டர் வேக ரோலர் கோஸ்டருக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, சின்னவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். அவர்களுக்கு முழுக்கக் கூரைக்குள் இருக்கும் வார்னர் பிரதர்ஸ் பூங்கா பொருத்தம்.

சாப்பாட்டில் துபாய்க்குத்தான் முதலிடம். கராமா பக்கம் தங்கினால் காலையில் இட்லி, பொங்கல், இரவில் பரோட்டா என்று ஊர் ஞாபகமே வராது. அபுதாபியிலும் நகரத்துக்குள் கிடைக்கும், யாஸ், சாதியாத் தீவுகளில் தேட வேண்டும்.

நாலு நாள்தான் இருக்கிறது என்றாலும் ஓர் இரவையாவது அபுதாபிக்கு வையுங்கள். துபாயின் இபன் பதூதா பஸ் நிலையத்திலிருந்து ஈ101 பஸ் போகிறது. நோல் கார்டு போதும். பெட்டி நிறைய இருந்தால் டாக்ஸி. முதல் நாள் மாலை மசூதி, மறுநாள் காலை லூவ்ர், மதியத்துக்கு மேல் கார்னிஷ் கடற்கரை. அந்த மறுநாள் திங்கட்கிழமையாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.